சாய்தளத்தில் பின்வாங்கிய வண்டி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் துருவி. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அவளுக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் "நிச்சயமாவா?" என்று கேட்பாள். நிச்சயம் என்று சொன்னவரை விட்டுவிடுவாள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு சுற்றுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அதே கேள்வியை வேறு சட்டை மாட்டிக் கேட்பாள். வங்கிக்காரன், பால்காரன், பல் மருத்துவர் யாரும் தப்பியதில்லை. பல்லைப் பிடுங்கியபிறகும் "இந்தப் பல்தானே?" என்று கேட்டவள் அவள்.

உட்கார்ந்த இடத்தில் உட்காரவும் மாட்டாள். மீட்டிங் நடக்கும்போது மேஜைக்கு அடியில் கால் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவரின் காப்பிக் கோப்பை தளும்பும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். "அக்காவுக்குக் கால்ல, எனக்கு நாற்காலியில. கடவுள் ஆளுக்கு ஒரு செட் குடுத்திருக்கார்" என்பான் தம்பி. அந்த வீட்டில் அதை வேடிக்கையாகச் சொல்லும் உரிமை அவனுக்கு மட்டும்தான் உண்டு.

துருவி வேலை பார்ப்பது மின்சார சக்கர நாற்காலி செய்கிற ஒரு கம்பெனியில். டிரைவர் எழுதுகிறாள் என்று கேள்விப்பட்ட உறவினர் ஒருவர் "எந்த வண்டிக்கும்மா டிரைவர்?" என்று கேட்டார். சக்கர நாற்காலிக்கு என்றதும் பேச்சை மாற்றிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விஷயம் இதுதான். நாற்காலியின் இருக்கைக்கு அடியில் ஒரு மின்பலகை, அதில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதன் நடுமூளைக்குக் கெர்னல் என்று பெயர். மோட்டாரையும் பிரேக்கையும் கவனிக்கிற சிப் அதே பலகையில் தனியாக இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. நடுவில் நின்று பேசி முடித்துவைக்கிற தரகுக்காரர்தான் டிரைவர். துருவி அந்தத் தரகுக்காரரை எழுதுகிறவள்.

சிப் செய்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பெயரை மாற்றாமல் உள்ளே மட்டும் திருத்துவார்கள். ஒவ்வொரு திருத்தமும் ஒரு ரிவிஷன். இந்தச் சிப்பின் முதல் ரிவிஷனில் ஒரு கோளாறு இருந்தது. மோட்டார் பிடித்துக்கொள்வதற்கு முன்பே பிரேக்கை விட்டுவிடும். அதனால் டிரைவர்தான் "கொஞ்சம் பொறு, மோட்டார் பிடிக்கட்டும், அப்புறம் விடு" என்று அதட்டி வைக்க வேண்டும். மூன்றாவது ரிவிஷனில் அந்தப் பொறுமை சிப்புக்கே வந்துவிட்டது. அதனிடமும் பொறு என்று சொன்னால் வண்டி முரண்டு பிடித்துக் குலுங்கும். ஆகவே வண்டி விழித்ததும் டிரைவர் சிப்பைக் கேட்கிற கேள்வி, நீ எத்தனாவது ரிவிஷன் என்பதுதான். சிப்புக்குள் எண்கள் வைக்கிற சின்னச் சின்ன அறைகள் உண்டு. ஓர் அறையில் அந்த எண் இருக்கும். எட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மனிதர்களை இரண்டு முறை கேட்கிற துருவி, சிப்பை ஒரு முறைதான் கேட்பாள். அதற்குப் பொய் சொல்ல என்ன அவசியம் என்பது அவளுடைய கட்சி.

தம்பி அவளுக்கு நேர் எதிர். இருந்த இடத்தில் இருந்துகொண்டே ஊரை நகர்த்துகிறவன். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கால்கள் அவன் பேச்சைக் கேட்பதில்லை. குரலுக்கோ ஊரே கட்டுப்படும். எந்தப் பேருந்து எந்த இடத்தில் நிற்கிறது என்று அவன் சொன்னால், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டமே அந்தப் பக்கம் ஓடும். வீட்டிலும் அதே குரல்தான். "பயணிகளின் கவனத்திற்கு. சமையலறையிலிருந்து வர வேண்டிய காப்பி தாமதமாக வருகிறது. தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்பான். "நல்லா வருந்து" என்று உள்ளேயிருந்து அம்மா பதில் கொடுப்பாள்.

காலையில் தனியாகப் போவான், சாயங்காலம் தனியாக வருவான். தெருமுனை, சிக்னல், மருந்துக்கடை ஓரம், பிறகு நிலையத்தின் சாய்தளம். யாரும் தள்ள வேண்டியதில்லை. சம்பளத்தைவிட, மைக்கைவிட, அவனுக்கு அதுதான் பெரிசு.

ஒரு காலையில் அந்தச் சாய்தளத்தில் விபரீதம் நடக்க இருந்தது. மேலிருந்து பெட்டியோடு இறங்கிய ஒருவருக்கு வழிவிடத் தம்பி பாதியில் நின்றான். அவர் போனதும் கைப்பிடியை முன்னால் தள்ளினான். வண்டி பின்னால் வந்தது. கீழே ஒரு பேருந்து பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. நடத்துனர் போட்ட சத்தத்தில் ஓட்டுநர் மிதித்து நிறுத்திவிட்டார். அதற்குள் வண்டியும் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டது. யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? செய்தி அம்மாவின் காதுக்கு வந்தபோது, தம்பி பேருந்துக்கு அடியிலேயே போய்த் திரும்பியிருந்தான்.

அம்மா அடித்துப் பிடித்துக்கொண்டு துருவிக்குப் போன் செய்தாள். துருவி கேபிளோடு வீட்டுக்கு வந்து வண்டியில் செருகினாள். நடந்ததையெல்லாம் வண்டி தனக்குள் பதிந்துவைக்கும். அந்தப் பதிவு அழகாகச் சொன்னது: சிப் மூன்றாவது ரிவிஷன், பிரேக் சரி, மோட்டார் சரி. எல்லாம் சரி என்றால் தப்பு யார்மேல்? மிச்சம் இருந்தது ஓட்டியவன் மட்டும்தான்.

"கையைப் பின்னால இழுத்திருப்படா" என்றாள் துருவி.

"இழுக்கல. முன்னாலதான் தள்ளினேன்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. காலையிலதான் அக்கா இப்படி வருது. சாயங்காலம் வீட்டு வாசல்ல ஏறும்போது வர்றதே இல்ல. போன வாரம் ரெண்டு மூணு தடவ லேசா வந்துச்சு, நான்தான் பெரிசா எடுத்துக்கல."

துருவி சமையலறைக்குப் போனாள். தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தாள். "காலையில அவசரமா இருப்ப. பஸ் சத்தம் கேட்டதும் பயத்துல கை தானா வந்திருக்கும். நல்லா யோசிச்சுப் பாரு."

தம்பி யோசித்துப் பார்க்கவில்லை. டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

அவளுக்கும் ஒன்று இடித்தது. வண்டி வாங்கிப் பல வருடமாகிறது. அந்தக் காலத்து வண்டியில் மூன்றாவது ரிவிஷன் எப்படி வந்தது? போன வருடம் பழுதுபார்க்கக் கொடுத்தபோது பலகையையே மாற்றியிருப்பார்கள் என்று தானே சமாதானம் செய்துகொண்டாள். அதையும் தம்பி மறுத்தான். "பலகையெல்லாம் மாத்தல. நான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். சக்கரத்தை மட்டும்தான் மாத்தினாங்க."

"நீ எதையாவது வேடிக்கை பார்த்திருப்ப" என்றாள் துருவி.

கம்பெனி விதி ஒன்று இருந்தது. ஓட்டுகிறவர் மேல் சந்தேகம் என்றால், வண்டியைத் துணையாள் முறைக்கு மாற்ற வேண்டும். அதன்பின், பின்னால் ஒருவர் நின்று ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தால்தான் வண்டி நகரும். மாற்றியதும் துருவியேதான். தம்பி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து அம்மா துணையாள். அம்மாவுக்கு உள்ளூர நிம்மதி, வெளியிலும் நிம்மதி. வழிநெடுக யாரைப் பார்த்தாலும் நின்று பேசினாள். பேச்சு சுவாரசியத்தில் பொத்தானிலிருந்து விரல் எடுபடும், தம்பி நடுரோட்டில் நிற்பான். அறிவிப்பு அறையில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம் இருக்கும். அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வடக்கே போகிற பேருந்தைப் பற்றித் தம்பி சொல்லிக்கொண்டிருக்கும்போது, "காலையில மாத்திரை போட்டியாடா?" என்ற அம்மாவின் குரல் நிலையம் முழுக்க ஒலித்தது. பயணிகளில் சிலர் போட்டோம் என்று கத்தினார்களாம். ஊர் சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை.

நிலைய அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு மேலே ஆட்கள் இருந்தார்கள். அவர் சொன்னதைத் தம்பி வீட்டில் வந்து சொன்னபோது அறிவிப்பாளர் குரல் இல்லை. "அடுத்த வாரத்துலேர்ந்து தனியா வர முடிஞ்சா மைக் எனக்கு. இல்லன்னா உள்ள ஒரு மேஜை போட்டுத் தர்றாராம். பேப்பர் அடுக்கலாம்." சொல்லிவிட்டுத் தட்டில் இருந்ததை நோண்டிக்கொண்டிருந்தான். அம்மா, "உட்கார்ந்த இடத்துல வேலைதானே, அதுக்கென்ன?" என்றாள். அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து துருவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்தில் நடந்தாள், வீட்டில் நடந்தாள், பல் தேய்த்துக்கொண்டே நடந்தாள். பதிவைத் திறப்பாள், மூன்று என்ற எண்ணைப் பார்ப்பாள், மூடுவாள். ஐந்து நிமிடத்தில் அந்த எண் ஓடிப்போயிருக்குமோ என்பதுபோல மறுபடி திறப்பாள். தம்பி சொன்னது தப்பு என்று ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் மனசு அடங்கிவிடும் என்று தோன்றியது. இதுதான் உண்மை, இதை மறைப்பதில் பயனில்லை. அவனை இரண்டு நாள் லீவு போடச் சொல்லி அவள் வண்டியை அலுவலகத்துக்கு எடுத்துப்போனது தம்பியைக் காப்பாற்ற அல்ல. அவன் வாயை அடைக்கத்தான்.

பலகைகளைக் கழற்றி மாட்டுகிற பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். பொடி வைக்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டார் என்பதால் அவர் பெயரே பொடி.

"என்னம்மா, சொந்த வண்டியா? ஒரு தடவ கேட்டாப் போதுமா, ரெண்டு தடவ கேட்கணுமா?" என்றார் பொடி.

"மூடியைத் திறங்க அண்ணா. பலகை புதுசா பழசான்னு பார்க்கணும்."

திறந்தார். உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. திருகாணிகளின் மேல் கம்பெனி வைத்த மெழுகு முத்திரை உடையாமல் இருந்தது. பொடி லென்ஸை வைத்துச் சிப்பின் முதுகில் பொறித்த எழுத்தைப் படித்தார். "முதல் ரிவிஷன். பொறந்த நாள்லேர்ந்து யாரும் இதைத் தொடல."

துருவி லென்ஸை வாங்கித் தானும் பார்த்தாள். தம்பி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்லியிருக்கிறான். 

அப்படியானால் மூன்று என்று சொன்னது யார்? சோதனைக்கு வருகிற வண்டிகளின் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சுவர் மின்சாரத்தில் இயக்குவது அங்கே வழக்கம். அப்படியே இயக்கிச் சிப்பைக் கேட்டாள். பூஜ்யம் என்று வந்தது. அணைத்து இயக்கிக் கேட்டாள். மறுபடி பூஜ்யம். யாரென்று தெரியாத சிப்பையெல்லாம் முதல் ரிவிஷனாக நடத்தச் சொல்லித்தான் டிரைவரில் எழுதியிருந்தாள், ஆகவே கூடத்தில் இருந்த மரச் சாய்தளத்திலும் வண்டி சமர்த்தாக ஏறியது. துருவி கூடத்தை வளைய வளைய வந்தாள். பொடி தன் சாமான்களை அவள் கால் படாத இடமாகப் பார்த்து நகர்த்தி வைத்துக்கொண்டார்.

காலையிலதான் அக்கா இப்படி வருது. தம்பி சொன்னது நினைவுக்கு வந்ததும், நடந்துகொண்டே இருந்தவள் நின்றுவிட்டாள். வீட்டில் எல்லா வண்டிக்காரர்களும் செய்வதைத்தான் தம்பியும் செய்வான். படுக்கும்போது சார்ஜில் போடுவான். காலையில் பேட்டரி நிறைந்திருக்கும். அவள் பேட்டரியைத் திரும்ப மாட்டி, சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அலுவலகத்தில் முதல் ஆளாக வந்து வண்டியை இயக்கினாள். சிப்பைக் கேட்டாள். மூன்று.

அதற்குப் பிறகு முடிச்சு தானாக அவிழ்ந்தது. முதல் ரிவிஷன் சிப்பில் ரிவிஷன் எண் வைக்கிற அறையே கிடையாது. அப்படி ஓர் அறை வேண்டும் என்று அதைச் செய்தவர்களுக்கு அப்போது தோன்றவில்லை. ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் நம் குரல்தானே திரும்பி வரும்? அதே கதைதான். கேள்விக்கு யாரும் பதில் சொல்லாதபோது, பலகையில் எல்லாரும் பேசிக்கொள்கிற ஒரே கம்பியில் கடைசியாக ஓடிய எண் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக அங்கேயே தங்கி நிற்கும். டிரைவர் அதையே பதில் என்று எடுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் கடைசியாக ஓடியது பூஜ்யம். டிரைவரைத் திருத்தி வண்டிகளுக்கு அனுப்பிய போன வெளியீட்டில், வண்டி சீக்கிரம் விழிக்கட்டும் என்று துருவி வரிசையை மாற்றியிருந்தாள். முதலில் பேட்டரியை விசாரி, பிறகு சிப்பை என்று. அதே கம்பியில் உட்கார்ந்திருக்கிற பேட்டரி, தான் நிறைந்திருந்தால் சொல்கிற எண் மூன்று, சாயங்காலம் குறைந்திருந்தால் ஒன்று. சிப் பொய் சொல்லவில்லை. அது வாயையே திறக்கவில்லை. பேட்டரி சொன்னதைக் கேட்டுவிட்டு, இவளாகத்தான் சிப் சொன்னதாக நம்பிக்கொண்டாள்.

 துருவி வண்டியில் தானே உட்கார்ந்து மரச் சாய்தளத்தில் பாதி ஏறி நிறுத்தினாள். கைப்பிடியை முன்னால் தள்ளினாள். வண்டி பின்னால் விழுந்தது. ஒரு சாண் இருக்கும். பிறகு மோட்டார் பிடித்து மேலே ஏறியது. அந்த ஒரு சாணில் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. கை முன்னால் தள்ளிக்கொண்டிருக்க, உடம்பு பின்னால் போகிறது. இவ்வளவுக்கும் அவளுக்குப் பின்னால் இருந்தது ஒரு வெறும் சுவர்.

அவள் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது, தன்மேலேயே கோபமாக இருந்தது. பொடி வந்து எட்டிப் பார்த்தார், அன்றைக்குப் பொடி வைக்காமலே போய்விட்டார்.

அதன்பின் அவள் உட்கார்ந்து எழுதியது பெரிய வித்தையல்ல. சிப்பை இரண்டு முறை கேள். இரண்டுக்கும் நடுவில் கம்பியில் வேறு ஓர் எண்ணை ஓடவிடு. இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் அது சிப்பின் பதில். மாறினால் அது வெறும் எதிரொலி, சிப் பழையது. மேலாளர் கேட்டுவிட்டு, பழைய வண்டிகள் எல்லாவற்றையும் உடனே முந்தைய வெளியீட்டுக்குத் திருப்பச் சொன்னார். புதியதை முதலில் ஒரு வண்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஊருக்கெல்லாம் அனுப்புவதாக முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து துருவி தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு விடாமல், கையை ஆட்டி ஆட்டி, நடந்துகொண்டே சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான்.

"நல்லா கண்டுபிடிச்சிருக்க" என்றான். "ஒண்ணு கேட்கவா? இதை நீ கண்டுபிடிக்கலன்னா?"

அவள் பையிலிருந்த கேபிளை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள்.

"பேட்டரியைத் திரும்ப மாட்டாம விட்டிருந்தா, சிப்புல எழுத்து அழிஞ்சிருந்தா, நான்தான் கையை இழுத்தவன். அப்படித்தானே?" அவன் குரலை உயர்த்தவில்லை. "நான் மைக்ல ஒரு தடவ சொன்னா ஊரே நம்பி பஸ் ஏறுது. யாரும் என்கிட்ட வந்து நிச்சயமாவான்னு கேட்கிறதில்ல. வாயில்லாத ஒண்ணு சொல்லாததை நீ நம்பின. வாயிருக்கிறவன் சொன்னதை நம்பல."

"தப்புதான்டா" என்றாள் துருவி.

"சரி விடு. புதுசை என் வண்டியில முதல்ல போடு. நான் ஓட்டிப் பார்த்துச் சொல்றேன்."

அம்மா குறுக்கே வந்தாள். "அதெல்லாம் வேற யார் வண்டியிலயாவது போடட்டும். பஸ்ஸுக்கு அடியில போய்ட்டு வந்தவன் நீ."

"நான் எங்கம்மா போனேன்? நீதான் என்னைத் திரும்பத் திரும்ப அனுப்புற" என்றான் தம்பி.

துணையாள் முறை போயிற்று. திங்கட்கிழமை காலை தம்பி தனியாகக் கிளம்பினான். அம்மா வாசலில் நின்று முணுமுணுத்தாள். துருவி தெருமுனை வரை பின்னால் போய்விட்டு, அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் மரத்தடியில் நின்றுகொண்டாள். அன்று வண்டி சரியாக ஏறியது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. நிலையத்தின் மைக்கில் மறுபடி ஒரே குரல் கேட்டது. அலுவலகத்தில் பொடி அதே வண்டிக்கு இணையான இன்னொரு பழைய பலகையை வைத்து, நிறைந்த பேட்டரியிலும் பாதிப் பேட்டரியிலும் மாற்றி மாற்றி ஓட்டினார். ஒரு முறைகூடப் பின்வாங்கவில்லை.

வியாழக்கிழமை மாலை துருவி அலுவலகத்தில், மறுநாள் அனுப்ப வேண்டியதைத் தயார் செய்துகொண்டிருந்தாள். தம்பி போன் செய்தான்.

"அக்கா, இப்பப் பின்னால வந்துச்சு."

துருவியின் கால் தாளம் போடுவதை நிறுத்திற்று. "எங்கடா?"

"வேலை முடிஞ்சு கிளம்பினேன். வாசல்ல இறங்கி, உள்ள இருக்கிற கடைக்குப் போகலாம்னு மறுபடி சாய்தளத்துல ஏறினேன். பாதியில நின்னு எடுத்தேன். ஒரு விரல் நீளம்தான் இருக்கும். அப்புறம் பிடிச்சுக்கிச்சு. பேட்டரி பாதிதான் இருக்கு."

சாயங்காலம். பாதிப் பேட்டரி. அவள் கண்டுபிடித்த காரணத்தில் ஒன்றுகூட இங்கே பொருந்தவில்லை. புதியதைப் போட்டபோது, கேபிள் இல்லாமல் போன் வழியாகவே வண்டியின் பதிவு வரும்படி செய்துவைத்திருந்தாள். திறந்து பார்த்தாள். சிப் முதல் ரிவிஷன் என்று டிரைவர் சரியாக அறிந்திருந்தது. பொறுக்கச் சொல்லியிருந்தது. மோட்டார் சரி. பிரேக் சரி. எல்லாம் சரி. கைப்பிடி முன்னாலா பின்னாலா என்பதை மட்டும் அந்தப் பதிவு எந்தக் காலத்திலும் எழுதியதில்லை.

அவன் கோபம் இன்னும் ஆறவில்லை என்பது அவளுக்குத் தெரியும். விளையாட்டுக்காரன் என்பதும் தெரியும். அவன் இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்பதும் தெரியும். சொன்னால் விதிப்படி வண்டி மறுபடி துணையாள் முறைக்குப் போகும், மைக் கைவிட்டுப் போகும். அவள் வாயில் அந்த ஒரு வார்த்தை தயாராக வந்து நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரிடா" என்றாள். "வீட்டுக்குச் சமதரையில வா. நான் வந்து முந்தின டிரைவரையே போட்டுத் தர்றேன். அதுல நாளைக்குத் தனியாவே போ."

 போனில் பேருந்துகளின் இரைச்சல் கேட்டது. "சரி" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

துருவி எழுந்து மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளர் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம்.

"நாளைக்கு அனுப்ப வேண்டாம் சார். நிறுத்தணும்."

"என்ன ஆச்சு? டெஸ்ட்ல வந்துச்சா?"

"டெஸ்ட்ல வரல. தம்பி வண்டியில வந்துச்சு."

மேலாளர் பையை இறக்கி வைத்தார். அவள் திரையில் காட்டிய பதிவை மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார். "இதுல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"ஆமா. சரியாத்தான் இருக்கு."

"அப்போ விதிப்படி அவர் வண்டியை மறுபடி..."

"மாத்த மாட்டேன் சார். பின்னால வந்தது வண்டி. அவன் இழுக்கல."

"அது எப்படிம்மா உங்களுக்குத் தெரியும்?"

"அவன் சொன்னான்."

மேலாளர் காத்திருந்தார். இந்தப் பெண் வெறுங்கையோடு வருகிறவள் அல்ல, அடுத்து ஓர் எண்ணோ படமோ வரும் என்று அவர் முகம் சொன்னது. துருவியிடம் அவ்வளவுதான் இருந்தது. அவள் அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் நிறுத்துகிறேன் என்று சொல்லும்வரை அதில் உட்கார்ந்திருந்தாள்.